தொலையாத பொட்டு

பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் கழுத்தைப் பார்த்தால் இன்றும் என் மனம் சும்மா இருப்பதில்லை. காவி இவ்வளவு, அவுரி நீலம் இவ்வளவு, மஞ்சள் மண் கொஞ்சம் என்று கலக்கத் தொடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகாவது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "அந்தம்மா உங்களை முறைக்குது, ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்று என் மனைவி விலாவில் இடிப்பாள்.

சமீபத்தில், நான் கடைசியாக வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் மாதிரி உருவங்கள் செய்யும் பிரிவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். இப்போது என் இடத்தில் இருப்பவள். பையிலிருந்து சிறு புட்டிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் 'தோல் நிறம்' என்று எழுதி எண் போட்டிருந்தது. "இனிமே கலக்கவே வேணாம் சார். மூடியைத் திறந்து பூச வேண்டியதுதான். நீங்கள்லாம் எப்படித்தான் செஞ்சீங்க?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பேச்சு செஞ்சியைத் தாண்டவே இல்லை. அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

என் ஊர் மேல்சித்தாமூர். நைனா வேர்க்கடலை வியாபாரி. எனக்கு வியாபாரம் வரவில்லை, வரையத்தான் வந்தது. திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களுக்கு வண்ணம் தீட்டினேன். யாராக இருந்தாலும் கன்னத்துக்கு ரோஸ். படத்தில் இருப்பவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். கூடவே ஒரு நாளிதழுக்குச் செஞ்சி வட்டாரச் செய்திகளை எழுதி அனுப்பினேன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று அங்கே அடித்துத் திருத்திப் பழக்கியிருந்தார்கள். ஒரு வேலையில் கற்றதை இன்னொரு வேலை தினமும் பொய்யாக்கியது. ஸ்டுடியோவில் என்னால் நிலைகொள்ள முடியவில்லை.

அறுபதுகளின் நடுவில், சென்னையில் நடக்கவிருந்த ஒரு பொருட்காட்சிக்காகச் செஞ்சிக் கோட்டையின் மாதிரி ஒன்றைச் செய்ய ஏற்பாடானது. ராஜகிரி, அடிவாரம், மதில், மேலே ஏறும் பாதை. அந்தப் பாதையில் பீரங்கி இழுக்கும் ஆட்கள், தண்ணீர்க் குடத்தோடு பெண்கள், குதிரைக்காரர்கள். உருவங்கள் எல்லாம் சாண் உயரம். திருவண்ணாமலை சாலையில் காலியாகக் கிடந்த கடலைக் கிடங்குதான் பட்டறை. கோடையில் மலைப்பாறைகள் பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சாயங்காலம் ஊர்மேல் கக்கும். தட்டில் கலந்த நிறம் தொட்டு எடுப்பதற்குள் காய்ந்துவிடும்.

பட்டறைக்குப் பொறுப்பாளர் வத்சலா. சென்னையில் ஓவியம் படித்துவிட்டுச் சில காலம் பள்ளியில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர். எங்களைவிட வயதில் சிறியவர். ஊர் அவரை டீச்சர் என்றது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்டதில்லை. முடித்த பொம்மையைக் கொண்டுபோய் வைத்தால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியில்லை என்றால் அதன் முதுகு நம் பக்கம் இருக்கும்படி மேஜையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். மண்ணிலும் காகிதக் கூழிலும் உருவம் பிடிக்கும் கோவிந்தன், "முட்டி போடச் சொல்லலியே, அதுவரைக்கும் லாபம்" என்பான்.

அவருடைய முறை இது. ஆளை வடக்குப் பார்த்த கதவருகே ஸ்டூலில் உட்கார வைப்போம். அங்கே வெளிச்சம் அதிகம் மாறாது. கலந்த நிறத்தை அந்த ஆளின் தோலிலேயே சின்னப் பொட்டாக வைப்போம். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காய்ந்த பிறகு, கை நீட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் பொட்டு எங்கே என்று தெரியக் கூடாது. "தொலைஞ்சுதா?" என்பார் டீச்சர். தொலைந்தால் கலவை சரி. தொலையாவிட்டால் மறுபடி கலக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு நிறம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். புறங்கை வேறு, முழங்கை முட்டி வேறு, முண்டாசு மறைத்த நெற்றி வேறு, கழனியில் நிற்பவனின் கெண்டைக்கால் வேறு. பொருந்திய கலவையை அப்படியே பொம்மைக்குப் பூசவும் கூடாது. சிறிய உருவத்தில் நிறம் கூடித் தெரியும், ஒரு படி வெளுப்பாக்க வேண்டும். கறுத்த தோலுக்குக் கரியைச் சேர்த்தால் செத்த உடம்புபோலச் சாம்பல் பூக்கும். காவியும் அவுரியும் சேர்ந்தால்தான் கறுப்புக்குள் ரத்தம் ஓடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. நிறப்பொடி உதிராமல் ஒட்டுவதற்கு மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரத்தைக் கலப்பார்கள். நான் சமணன், அதைத் தொடமாட்டேன். வேலம் பிசினைத்தான் கரைத்துக்கொள்வேன். பிசின் காய்ந்தால் நிறம் ஒரு சாயல் கறுக்கும் என்பது டீச்சரின் கட்சி. தெளிய வடிகட்டினால் கறுக்காது என்பது என் கட்சி.

பீரங்கி இழுப்பவர்களில் முன்னால் நிற்கும் ஆளுக்கு டீச்சர் ஏழுமலையைத் தேர்ந்தெடுத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் தோசை மாஸ்டர். மத்தியானம் அடுப்பு ஓய்ந்ததும் வருவான். எண்ணெய் தேய்த்த கருங்கல் மாதிரி மினுக்கும் கறுப்பு. அடுப்பைப் பார்த்த பக்கம் ஒரு நிறம், பார்க்காத பக்கம் ஒரு நிறம். அந்தப் பக்கத்தில் சமணர்களை நயினார் என்பார்கள், அவன் வாயில் நான் நைனார்.

"நைனாரே, கூசுது. எறும்பு உட்ட மாதிரி இருக்குது."

"ஆடாதய்யா. பொட்டு இழுத்துக்கும்."

"எனக்குப் பொட்டு வச்சினே இருக்கியே, எப்ப மாலை போடுவ?"

"அதுக்குத்தான் வல்லத்துல ஆள் இருக்குதே" என்பான் கோவிந்தன் மண்ணைப் பிசைந்தபடி.

வல்லத்தில் இருந்தது அலமேலு. ஏழுமலையின் முதலாளிக்கு அக்காள் மகள். தாய் தகப்பன் இல்லாமல் அந்த ஹோட்டலிலேயே வளர்ந்தவனுக்கு முதலாளியே அவளைப் பேசியிருந்தார். பரிசம் போட நாள் குறித்தாயிற்று. கடையின் பின்கட்டில் ஒரு அறையைக் கல்யாணத்துக்குப் பிறகு விட்டுத்தருவதாகவும் பேச்சு. அந்த அறைக்கு எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்பதை அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தினமும் மாற்றிக்கொண்டிருந்தான்.

தோள், மார்பு, முதுகு எல்லாவற்றிலும் பொட்டு தொலைந்தது. இடது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே மட்டும் தொலையவில்லை. காய்ந்ததும் கறுத்துத் தெரிந்தது.

"உங்க பிசின்தான்" என்றார் டீச்சர்.

"அதே கலவைதான் டீச்சர் தோள்ல தொலைஞ்சுது."

அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் பிசினை மறுபடி வடிகட்டினேன். துணியை மாற்றினேன். பொடியை அரைத்தேன். வெளுப்பாக்கிப் பார்த்தேன், அந்த இடத்தில் பொருந்தி, விரற்கடை தள்ளி வைத்தால் வெளிறியது. ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். சோற்றில் கை வைத்தால் கலவைதான் நினைவுக்கு வந்தது. தெருவில் எதிரே வருபவர்களின் முன்கைகளையே பார்த்து நடந்தேன். கடைசியில் கோவிந்தனிடம், வஜ்ரத்தைக் கலந்து அவன் கையாலேயே ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். என் பிசின் தோற்றுப்போகட்டும், சந்தேகம் தீர்ந்தால் போதும்.

கோவிந்தன் வைத்தான். காய்ந்தது. அதுவும் கறுத்தே நின்றது.

அப்படியானால் குறை கலவையில் இல்லை. பிசினுக்கும் வஜ்ரத்துக்கும் நடந்த வழக்கில் நாங்கள் யாரும் தோலைப் பார்க்கவே இல்லை. வண்ணக்காரன் தன் கலவையைத்தான் முதலில் சந்தேகிப்பான். ஆளின் தோல் தப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றாது. கிட்டே போனேன். அடுப்புப் புகையும் மாவும் துடைத்த இடத்தில், எட்டணா அளவுக்குத் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. சுற்றிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மற்ற இடமெல்லாம் தூரிகை பட்டால் நெளிகிறவன், அங்கே வைக்கும்போது மட்டும் கட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

வல்லத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமைப் பற்றி முன்பு செய்தி எழுதியிருந்தேன். டாக்டர் பஞ்சுத் திரியால் தேமல்களைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். டீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.  அவர் உலர்ந்த தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போனார்.

"ஏழுமலை, கண்ணை மூடிக்குங்க. தூரிகை எங்கே படுதோ அங்கே விரலை வைங்க."

"இன்னா டீச்சர், கண்ணாமூச்சியா?"

தோளில் தொட்டார். விரலை வைத்தான். மணிக்கட்டில் தொட்டார். வைத்தான். பிறகு அந்த இடம். அவன் சிரித்த முகத்தோடு காத்திருந்தான்.

"தொடுங்க டீச்சர்."

டீச்சர் அழுத்தினார். தூரிகையின் மயிர் வளைந்தது.

"தொடுங்கன்றேன். எத்தினி நேரம் கண்ண மூடினு இருக்கறது?"

கண்ணைத் திறந்தான். கையில் நிற்கும் தூரிகையைப் பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை, மெதுவாகத்தான் போனது. "போன மாசம் இங்க தோசைக் கல்லு சுட்டு தோலு உரிஞ்சுது. கல்லாவுல இருக்கறவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றான். கொஞ்சம் கழித்து, "குஷ்டமா நைனாரே?" என்றான்.

கோவிந்தன் கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். ஏழுமலை போன பிறகு வெடித்தான். "தினம் அவன் கையாலதான்யா துன்னுனு இருக்கேன்!"

"நாளைக்குக் காலையில எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"இன்னா டீச்சர் கேக்கறீங்க?"

"நீங்க ஒரு நாள் போகலைன்னா ஊர் காரணம் கேக்கும். முதல்ல டாக்டர் பார்க்கட்டும். அதுவரைக்கும் அவருக்கு லீவு கேக்கறேன், பொம்மைக்கு உட்காரணும்னு."

பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் அவன் முழங்கை நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். ஆரம்பம்தான், இந்த வகை அடுத்தவருக்குப் பரவாது, அடுப்பு வேலையைத் தாராளமாகச் செய்யலாம், சூட்டில் கவனமாக இரு, மாத்திரையை மட்டும் விடாதே என்றார். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் நானும் கோவிந்தனும் ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். ஏழுமலை சுட்ட ஒரு தோசையை முடிக்கவே எனக்கு நேரமானது. கோவிந்தன் இன்னொன்று கேட்டான். அந்த வாரம் நான் நாளிதழுக்கு அனுப்பிய செஞ்சிச் செய்தி, வேர்க்கடலை விலை.

பரிசத்துக்கு முன்னால் ஏழுமலை பட்டறைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை. கிடங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

"இத்தினி நாளா எவனும் பாக்கல. இப்ப எல்லாரும் இதையே பாக்கற மாதிரி இருக்குது. நைனாரே, ஒரு நாளைக்கு மட்டும் இதத் தொலைச்சுக் குடு."

எனக்குப் புரிந்தது. பதில் சொன்னது டீச்சர்.

"அது கூடாது. பொம்மைக்குப் பூசறது வேற. அந்தப் பொண்ணு பொம்மை இல்லை."

"உங்களுக்கு இன்னா டீச்சர், வேலை முடிஞ்சா மெட்ராஸ் போயிடுவீங்க. விஷயம் தெரிஞ்சா மொதலாளி அன்னிக்கே என்னைத் தெருவுல நிறுத்துவாரு. பொண்ணும் போச்சு, அடுப்பும் போச்சு. நான் எங்க போறது?"

 டீச்சர் கிடங்கை விட்டு வெளியே போனார். அது சம்மதம் இல்லை. தடுக்கவும் இல்லை.

நான் கலந்தேன். கொஞ்சம் மஞ்சள் மண் கூடுதலாக, அவுரி தூக்கலாக. ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்து விட்டேன். காய்ந்ததும் எழுந்து எட்டி நின்றேன். திட்டு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ உருவங்கள் செய்தேன். அவ்வளவு கச்சிதமாக ஒரு நிறம் எனக்கு அமைந்ததில்லை.

"தண்ணி படாம பாத்துக்கோ. பிசின் கரையும்."

"நீயும் வா. கூட நில்லு."

போனேன். வல்லத்து வீட்டில் கூடம் சிறியது, ஆட்கள் அதிகம், வெயில் ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டு மாற்றும்வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு அரைக்கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு வியர்வைக் கோடு இறங்கி முழங்கையைத் தாண்டியது. அது பூச்சில் ஏறி, பழுப்பாக மணிக்கட்டை நோக்கி வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தான். கையை மடக்கிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

கிணற்றடியில் அலமேலு குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவன் அவளைக் கவனிக்காமல் தொட்டியில் கையை விட்டான். தண்ணீர் பழுப்பானது.

"சட்டை சாயம் போவுதா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயிலேயே பதில் இருந்தது. அவன் தன் கையைப் பார்த்தான்.

"சட்டை இல்ல. கை சாயம்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எழுதி வைத்துப் படிப்பவன்போல, நிறுத்தாமல் சொன்னான்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "வலிக்குதா?"

"வலிக்கல. அதான் வியாதி."

"மாமாவுக்கு?"

"தெரியாது."

"இவருக்கு?"

"இவருதான் கண்டுபுடிச்சாரு. இவருதான் பூசினாரு."

"நல்லா பூசினீங்க" என்றாள் என்னிடம். அது பாராட்டு இல்லை. "நீங்க பேப்பருக்கு எழுதறவருதானே? இதையும் எழுதுவீங்களா?"

"மாட்டேன்மா."

"நாளைக்குக் கொழந்தை குட்டிக்கு வருமா?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்து கேட்டதை மட்டும் சொன்னேன். என் சமாதானம் எதையும் சேர்க்கவில்லை. அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் ஊற்றினாள். "முழுசா கழுவுங்க. பாதியில நின்னா திட்டுத் திட்டா தெரியும்" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நிலைகொள்ளாத காலம் எனக்கு வாய்த்ததில்லை. பட்டறைக் கதவில் நிழல் விழுந்தால் வல்லத்து ஆளோ என்று பார்ப்பேன். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பேன். பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. அவள் ஒத்துக்கொண்டாளா, சொல்ல வழியில்லாமல் நிற்கிறாளா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று ஏழுமலை புலம்புவான். "நீ சொல்ல எத்தினி நாள் எடுத்துக்கின?" என்பான் கோவிந்தன்.

இதற்கிடையே பொம்மையை முடிக்க வேண்டியிருந்தது. கையை எப்படிப் பூசுவது என்று டீச்சரிடம் கேட்டேன். "அவர் கை. அவரைக் கேளுங்க" என்றார். ஏழுமலை, "பொம்மைக்கு எதுக்கு நைனாரே வியாதி?" என்றான். முழுதும் ஒரே நிறமாகப் பூசிக் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். முகம் என் பக்கம் இருக்கும்படி கீழே வைத்தார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தாலி கட்டும்போது நான் அலமேலுவின் முகத்தையே பார்த்தேன். பத்திரிகைக்காரன் கண்ணுக்கு அதில் எழுதும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் முகம், அவ்வளவுதான்.

அடுத்த மாத்திரைக்குரிய திங்கட்கிழமை காலையில், ஏழுமலையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வழக்கம்போல பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழுமலை அங்கே நின்றிருந்தான். பக்கத்தில் அலமேலு. கையில் தூக்குச்சட்டி. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. நான் ஏறப் போனேன்.

"நீங்க எங்க வரீங்கண்ணா?" என்றாள். "உங்களுக்குப் பொம்மை வேலை கெடக்குதுன்றாரு. போய் அதப் பாருங்க. இனிமே நான் கூட்டினு போறேன்."

ஏழுமலை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஏறுங்க, எடம் போயிடும்" என்று அவனை உள்ளே தள்ளினாள். அவன் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் காலியாக இருந்த எதிர் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், திட்டு இருந்த அவனுடைய இடது கைப்பக்கமே உட்கார்ந்துகொண்டாள்.